யார் வைத்த விரல்?

அத்தியாயம் 6

“மெஷின் பழுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, சீல் போட்டுக் குடுத்துருங்க சார். அது போதும்” என்றாள் ரஷீதா.

பஞ்சாபகேசன் துப்பறியும் தொழிலுக்கு வந்த பதினோரு வருடத்தில் புருஷன் பழுது, பங்காளி பழுது, வாட்ச்மேன் பழுது என்று எத்தனையோ புகார்கள் மும்பை மாட்டுங்கா ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த அந்த இரண்டாம் மாடி அறைக்குப் படியேறி வந்திருக்கின்றன. மெஷின் பழுது என்று ஒருத்தரும் வந்ததில்லை. அதற்கு முன்னால் அவர் இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் விசாரிக்கிற வேலை பார்த்தவர். எரிந்துபோன குடோனுக்குள் நுழைந்து மூக்கை உறிஞ்சினாலே, தீ தானாக வந்ததா இல்லை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப்பட்டதா என்று சொல்லிவிடுவார். ஆனால் போனில் அலாரம் வைக்க இன்றைக்கும் அடுத்தவர் கை வேண்டும்.

அந்த அடுத்தவர் கை முத்துமாரியுடையது. தாராவியில் பிறந்து, அங்கேயே ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் ஒன்பது வருடம் உடைந்த கண்ணாடி மாற்றிவிட்டு இவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவள். கை சுத்தம், கண் கூர்மை, வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது.

ரஷீதா உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தோரு வயது. புருஷன் சவுதியில் தம்மாமில், அவள் செம்பூரில். தாராவியில் தோல் பை தைக்கிற முகைதீனின் ஒரே மகள். தகப்பனாரின் பட்டறைக்கு வரும் ஆன்லைன் ஆர்டர்களை மத்தியான வேளையில் வந்து பார்த்துக்கொள்கிறவள். மேஜையில் ஒரு பழைய போனையும், சூயிங்கம் பாக்கெட் அளவில் ஒரு தகட்டையும் வைத்தாள். தகட்டின் மேல் இரண்டு எஃகுத் துண்டுகள் பதிந்திருந்தன.

முத்துமாரி அதைக் கையில் எடுத்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். இந்தக் கை விரல் இரண்டு ஒரு துண்டில், அந்தக் கை விரல் இரண்டு மறு துண்டில், முப்பது நொடி ஆடாமல் வைக்க வேண்டும். நெஞ்சுத் துடிப்பைப் போன் திரையில் கோடாக வரைந்து காட்டும். இதற்கும் போனுக்கும் ஒயர் கிடையாது, ப்ளூடூத்தும் கிடையாது. துடிப்பை மெல்லிய கீச்சு ஒலியாக மாற்றி அனுப்பும், அதைப் போனின் மைக் வாங்கிக்கொள்ளும். நாய்க்குக் கேட்கும், நமக்குக் கேட்காது என்று அவள் சாருக்கு விளக்கினாள்.

விஷயம் இதுதான். முகைதீனுக்கு ஆறு மாதமாக நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பி ஓடுகிறது. நான்கு வருடமாகப் பேர் கொடுத்து, இந்த வருடம்தான் குலுக்கலில் ஹஜ்ஜுக்கு அவர் பேர் விழுந்திருக்கிறது. உடம்பு தாங்கும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும். சயானில் அவரைப் பார்க்கும் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்து, தினம் ஒரு தடவையாகப் பதினான்கு நாள் இந்தத் தகட்டில் பதிந்து அனுப்பச் சொன்னார். தாளம் ஒழுங்காகிவிட்டால் கையெழுத்து. பதினான்காம் நாள் நேற்று, புதன்கிழமை. பேப்பரைக் கொடுக்கக் கடைசி நாள் நாளைக்கு, வெள்ளிக்கிழமை.

“நாலாம் நாள்லேருந்து பதிமூணாம் நாள் வரைக்கும் தங்கமா வந்துச்சு சார். நேத்து ஒருநாள்தான் கோணலாயிட்டு. டாக்டருக்கு இன்னும் அனுப்பல. இத அனுப்புனா வாப்பா போவ முடியாது. நாலு வருசமா அந்த ஒரு நெனப்பாத்தான் இருக்காவ.”

முத்துமாரி வேலையில் இறங்கினாள். போனின் உறையைக் கழற்றினாள், ஏனென்றால் பாதிப் பேருக்கு உறைதான் மைக்கை அடைத்துக்கொள்ளும். மைக் துளையைச் சிறு பிரஷ்ஷால் துடைத்தாள். தகட்டைத் திறந்து பொத்தான் பேட்டரியைச் சோதித்தாள். ஃபேனை நிறுத்தினாள். பிறகு பஞ்சாபகேசனை விரல் வைக்கச் சொன்னாள். முப்பது நொடியில் அழகான கோடு வந்தது. சீரான துடிப்பு, நிமிடத்துக்கு எழுபத்தெட்டு என்று போன் சொன்னது. அவளும் வைத்துப் பார்த்தாள். அதுவும் சீர்.

“சாருக்கு நெஞ்சு இருக்குன்னே கண்டுபிடிச்சுருச்சு. இதப் போயி பழுதுன்னு எப்படி எழுதிக் குடுக்க?” என்றாள் முத்துமாரி.

ரஷீதா சிரிக்கவில்லை. நேற்று மட்டும் பழுதாகி இன்று சரியாகியிருக்கலாமே என்று கேட்டாள். அதையே வேறு வார்த்தைகளில் இரண்டு முறை கேட்டாள்.

பஞ்சாபகேசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனில் இருந்த பதினான்கு நாள் பட்டியலை விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். முதல் மூன்று நாள் எத்தனை தடவை முயன்றும் ‘படிக்க முடியவில்லை’ என்றே வந்திருந்தது. நாலாம் நாளிலிருந்து பத்து நாள் எழுபத்திரண்டு, எழுபது, எழுபத்துமூன்று என்று சீராக வந்திருந்தது. நேற்று முப்பத்தெட்டு. அந்தக் கோட்டில் இரண்டு இடத்தில் துடிப்பே இல்லாமல் நீளமாக இடைவெளி விழுந்திருந்தது.

நேரங்களையும் பார்த்தார். எல்லாமே மத்தியானம் ஒன்றே கால் வாக்கில். ஏன் அந்த நேரம் என்று கேட்டார். சாப்பாட்டுக்காகத் தையல் மெஷின்களை நிறுத்துவது அப்போதுதான், மற்ற நேரத்தில் அந்தச் சத்தத்தில் தகடு பேசுவது போனுக்குக் கேட்காது, அதனால் போன் பட்டறையிலேயே கிடக்கும் என்றாள் ரஷீதா. பஞ்சாபகேசன் தலையை ஆட்டினார். பட்டியலை இன்னொரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கண்ணாடியை இறக்கினார்.

“ஒரு காரியம் பண்ணும்மா. இந்தத் தகடு வந்த டப்பா, அதுல இருந்த காகிதம், எல்லாம் ஆத்துல இருக்கோன்னோ? அதை எடுத்துண்டு வந்துடு. போனும் தகடும் இங்கேயே இருக்கட்டும். எழுதறதுன்னா நம்பர் பார்த்து எழுதணும்.”

எழுதித் தருவார் என்ற நம்பிக்கையில் ரஷீதா உடனே எழுந்தாள். எழுந்தவள் ஒரு விநாடி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் கீழே இறங்கி மறைந்ததும் முத்துமாரி இடுப்பில் கை வைத்தாள். “டப்பா எதுக்கு சார்? நம்பர் தகட்டுக்குப் பின்னாலயே இருக்கு.”

“தெரியும். அவ இங்க இருக்கப்படாதுன்னுதான் அனுப்பினேன். பெத்தவனோட குட்டு பொண்ணு எதிர்ல உடையப்படாது.”

அவர் சொல்லச் சொல்ல முத்துமாரியின் வாய் திறந்தது. மூன்று நாள் வேலை செய்யாத மெஷின் நாலாம் நாள் தானாகச் சரியாகியிருக்கிறது. யாரும் ரிப்பேர் செய்யவில்லை, பேட்டரிகூட மாற்றவில்லை.

“மெஷின் தானாத் திருந்தாது சார். மனுசனே திருந்த மாட்டான்” என்றாள் முத்துமாரி.

“ஆக, மாறினது மெஷின் இல்லை, விரல். இதோ, ஒன்பதாம் நாளைப் பாரு. என்ன கிழமை?”

“வெள்ளி.”

“மணி?”

“ஒண்ணு பதினேழு.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒன்று பதினேழுக்கு முகைதீன் ஜும்மா தொழுகையில் பள்ளிவாசலில் இருப்பார். ஹஜ்ஜுக்குப் பேர் விழுந்த மனிதர், இமாம் குத்பா ஓதும்போது பட்டறையில் உட்கார்ந்து தகட்டைத் தடவிக்கொண்டா இருப்பார்? போன் பட்டறையில், முகைதீன் பள்ளிவாசலில், பதிவு மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறது. தொழுகைக்குப் போகாமல் பட்டறையில் தங்குகிற ஒருவன் விரல் வைத்திருக்கிறான்.

“பெரிய தில்லாலங்கடி வாப்பாவா இருப்பாவ போல” என்று முத்துமாரி சிரித்தாள்.

பஞ்சாபகேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நேற்றைய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் முகைதீனுடையது இல்லை என்றால், துடிப்பும் அவருடையது இல்லை. மெஷினும் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால் முப்பத்தெட்டுக்கு இறங்கி, நடுநடுவே நின்று போகிற இந்த நெஞ்சு யாருடையது?

செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இதய டாக்டராக இருக்கும் உமைரா, அவருக்கு இன்ஷூரன்ஸ் நாளிலிருந்து பழக்கம். முத்துமாரி கோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் டாக்டரே கூப்பிட்டார்.

“யாருது இது? பஞ்சு சார், இந்த இடைவெளி நாலு செகண்ட் இருக்கு. மேல் அறை அனுப்பற சிக்னல் கீழ் அறைக்குப் போகல. அடுத்த தடவை எட்டு செகண்ட் நிக்கும், அதுக்கு அடுத்தது திரும்ப ஆரம்பிக்காமலே போகலாம். ஆளை உட்கார வைங்க. படி ஏற விடாதீங்க. உடனே எங்கிட்ட கொண்டு வாங்க.”

பஞ்சாபகேசன் குடையைக்கூட எடுக்காமல் எழுந்தார். கீழே காலி டாக்ஸி ஒன்று கிடைத்தது.

தாராவியில் முகைதீனின் பட்டறை, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துக்குள் இருந்தது. கீழே நான்கு தையல் மெஷின்கள். மூலையில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி மேல்தட்டுக்குப் போனது. தோல் கட்டுகளை அடுக்கி வைப்பது அங்கேதான். முகைதீன் தரையில் உட்கார்ந்து, பைக்கு உள்துணி ஒட்டிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது, வெள்ளைத் தாடி, மடியில் சொல்யூஷன் பசை டப்பா.

பஞ்சாபகேசன் சுற்றி வளைக்காமல் கேட்டார். முகைதீன் முதலில் மறுத்தார். எல்லாம் தன் விரல்தான், வேண்டுமானால் இப்போதே வைத்துக் காட்டுகிறேன் என்றார். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு முத்துமாரி தகட்டை நீட்டினாள். அவர் வைத்தார். படிக்க முடியவில்லை என்று போன் சொன்னது. மறுபடி வைத்தார். மறுபடியும் அதே பதில். முத்துமாரி அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். நாற்பது வருடச் சொல்யூஷன் பத்து விரல் நுனியிலும் காய்ந்து, மேல்தோல் மாதிரியே படிந்திருந்தது.

“இந்த வெரல வச்சுக்கிட்டு போன் லாக்கையே தெறக்க முடியாது பெரியவரே. பத்து நாளா கோடு எப்படி வந்துச்சு?”

முகைதீன் கையை இழுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒன்று பதினேழு என்று பஞ்சாபகேசன் தாழ்ந்த குரலில் சொன்னதும் அவர் தலை குனிந்தது. வேலைக்காரர்கள் எதிரில் அப்படி ஒரு மனிதரைத் தலைகுனிய வைத்தது பஞ்சாபகேசனுக்கே பிடிக்கவில்லை. ஆனால் நேரம் இல்லை. நேற்றைய பதிவில் என்ன இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்பதைச் சொன்னார். விரல் வைத்தவன் எந்த நிமிடமும் விழலாம் என்றார்.

முகைதீன் பதறி எழுந்தார். “கோமதி! ஏ கோமதிநாயகம்! எங்கலே இருக்க?”

“இந்தா வாரேன், மொதலாளி” என்று குரல் மேலிருந்து வந்தது.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பட்டறையில் தோல் வெட்டுகிற கோமதிநாயகம், ஐம்பத்தைந்து வயது மனிதர், தலையில் ஒரு தோல் கட்டோடு, ஒரு கையால் மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்கத் தொடங்கியிருந்தார். பதினான்கு படி. கீழே சிமெண்டுத் தரை.

“கத்தாதீங்கோ” என்று பஞ்சாபகேசன் முணுமுணுத்தார். “பயந்தா அதுவே போதும்.”

முத்துமாரி ஏணியின் கீழே போய் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். கோமதிநாயகம் மூன்று படி இறங்கினார். நாலாவது படியில் நின்றார். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அவர் தோள்பட்டையால் மூக்கைச் சொறிந்துகொண்டு மறுபடி இறங்கினார். கடைசிப் படிக்கு வந்ததும் முத்துமாரி கட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவரை அமுக்கி ஸ்டூலில் உட்கார வைத்தாள். என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் விரல்களைப் பிடித்துத் தகட்டில் வைத்தாள்.

முப்பது நொடி. கோமதிநாயகத்துக்குப் பசை வேலை கிடையாது, கத்தி வேலைதான். விரல் சுத்தமாக இருந்தது.

சீரான துடிப்பு. எழுபத்தொன்று.

“இவருக்கு ஒண்ணும் இல்ல சார்” என்றாள் முத்துமாரி. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை, அவள் குரலில் பயமாகத்தான் வந்தது.

கோமதிநாயகம் மிரண்டுபோய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். முதலாளியின் விரலில் மெஷின் படிக்கவில்லை. படித்தாலும் தாளம் தப்பித்தான் காட்டும், டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார். இருபத்தாறு வருடம் உப்புத் தின்ற நன்றி, நான் வைக்கிறேன் மொதலாளி என்று அவரே முன்வந்திருக்கிறார்.

“செவ்வாக்கெழம வரைக்கும் நாந்தான் வச்சேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நேத்து நா இங்க இல்ல சார். நெருள்ல தங்கச்சி மவளுக்கு வளைகாப்பு. காலைலயே போயிட்டேன்.”

முகைதீன் திகைத்தார். நேற்று அவரும் பட்டறையில் இல்லை, ஹஜ் போகிறவர்களுக்கு நடக்கும் வகுப்புக்குப் போயிருந்தார். கோமதிநாயகம் வைத்துவிட்டான் என்றே நினைத்திருந்தார். “பின்ன நேத்து எடுத்தாச்சுன்னு அவ சொன்னாளே...”

“நா செவ்வாக்கெழமயே சொல்லிட்டேன் மொதலாளி. நாளைக்கு நா இருக்க மாட்டேன், கடைசி நாளு, வெரலுக்கு வேற ஆளு பாத்துக்கிடுங்கன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.”

அந்தப் பட்டறையில் ரஷீதாவை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பஞ்சாபகேசன் பக்கத்தில் இருந்த தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டார். குட்டு உடையக் கூடாதென்று அவர் யாரை அனுப்பி வைத்தாரோ, அந்தப் பெண்ணுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

“முட்டாள் நான்” என்றார். “அப்பா நெஞ்சு நாலு செகண்ட் நின்னு போறதுன்னு நம்பற பொண்ணு, அப்பாவைப் பசை ஒட்ட அனுப்பிச்சுட்டு மெஷினைத் தூக்கிண்டு என்கிட்ட வருவாளா? டாக்டர்கிட்டன்னா ஓடியிருப்பா. அது அப்பாவோடது இல்லைன்னு அவளுக்குத் தெரியும், முத்துமாரி. யாரோடதுன்னும் தெரியும். தனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதி வாங்கத்தான் வந்தா.”

முத்துமாரி அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

“எந்த மாடி?” என்று பஞ்சாபகேசன் முகைதீனிடம் கேட்டார்.

“மூணாவது.”

“லிஃப்ட்?”

முகைதீன் இல்லை என்று தலையசைத்தார். அவர் முகம் பார்க்க முடியாதபடி ஆகிவிட்டது. படி ஏற விடாதீர்கள் என்று டாக்டர் சொன்ன ஆளை, மூன்று மாடி ஏறி ஒரு காலி டப்பாவை எடுத்து வரச் சொல்லி பஞ்சாபகேசனே அனுப்பியிருந்தார். அனுப்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

சயான் பாலத்தை இடித்துப் போட்டதிலிருந்து தாராவியிலிருந்து செம்பூருக்கு டாக்ஸியில் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. முகைதீனையும் கோமதிநாயகத்தையும் டாக்ஸியில் நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு, முத்துமாரி பஞ்சாபகேசனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சயான் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறினாள். ஓடிக்கொண்டே டாக்டர் உமைராவைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லி விலாசம் கொடுத்தாள். கிழக்குப் பக்கம் இறங்கியதும் ஒரு ஆட்டோவின் குறுக்கே போய் நின்றாள். செம்பூர் வருகிற வரைக்கும் அவள் வாயிலிருந்து ஒரு கிண்டல் வரவில்லை. பஞ்சாபகேசனுக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. எட்டு முறை போன் போட்டார்கள். எட்டு முறையும் மணி மட்டும்தான் அடித்தது.

ரஷீதாவின் கட்டடத்தில் படிகள் உயரமானவை. முதல் மாடியில் யாரும் இல்லை. இரண்டாம் மாடி திரும்பும் இடத்தில், சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா. பக்கத்தில் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை.

“மேல போயி எடுத்துட்டேன் சார். எறங்கும்போதுதான் கண்ணக் கட்டிட்டு” என்றாள். போனை எடுக்கக் கை வரவில்லை என்பதை அவள் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிந்தது. “டப்பா இந்தா இருக்கு. எழுதிக் குடுத்துருங்க. மெஷின்லதான கோளாறு?”

பஞ்சாபகேசன் அவளுக்கு எதிரே படியில் மண்டியிட்டார். வாழ்க்கையில் எத்தனையோ பேர் சொன்னதைப் பொய் என்று நிரூபித்துக் காட்டியிருக்கிறார். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு உண்மையைச் சொன்னதில்லை.

“மெஷின்ல ஒண்ணும் இல்லைம்மா.”

“வாப்பாக்குத் தெரியுமா?”

“தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்துண்டிருக்கார்.”

“ஏன் சொன்னீங்க?” அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு மாதமாகத் தலை சுற்றுகிறது, சமையலறையில் இரண்டு தடவை விழுந்திருக்கிறாள், ரத்தச் சோகை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நேற்று அந்தக் கோட்டைப் பார்த்ததும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. “வாப்பா போயிட்டு வரட்டும், பொறவு நானே டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தேன். நாப்பது நாளுதான சார். நாப்பது நாளு தாங்காதா...”

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கண் மேலே செருகியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டப்பா மடியிலிருந்து நழுவி, படி படியாகத் தட்டிக்கொண்டு கீழே போனது.

முத்துமாரி அவள் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். துடிப்பு இல்லை, நொடிகளை எண்ணத் தொடங்கினாள். “ஒண்ணு” என்றாள். “ரெண்டு. மூணு.” பஞ்சாபகேசன் ரஷீதாவைப் படியில் நீட்டிப் படுக்க வைத்தார். “நாலு. அஞ்சு.” கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. யாரோ எந்த மாடி என்று இந்தியில் கத்தினார்கள். “ஆறு. ஏழு. ஏட்டி, வாட்டி. வந்துருட்டி. எட்டு.”

ஒன்பதாவதை அவள் எண்ணவில்லை. விரலுக்கடியில் ஒரு துடிப்பு வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று வந்தது. ரஷீதா வாயைத் திறந்து காற்றை இழுத்தாள்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் நாற்காலியோடு மேலே ஓடி வந்தார்கள்.

டாக்டர் உமைரா வெளியே வந்தபோது மணி நாலே முக்கால். தொடை வழியாக ஒயர் விட்டு, நெஞ்சைத் தற்காலிகமாக வெளியிலிருந்து துடிக்க வைத்திருப்பதாகவும், நாளைக் காலையில் நிரந்தரமாகச் சின்ன பேஸ்மேக்கர் வைத்துவிட்டால் அவள் வழக்கம்போல எல்லாமும் செய்யலாம் என்றும் சொன்னார். இன்னொரு படிக்கட்டு, இன்னொரு மயக்கம், அதற்கப்புறம் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது பஞ்சாபகேசனைத்தான் பார்த்தார். அவர் தப்பை ஒத்துக்கொண்டு தலையாட்டினார்.

முகைதீன் சுவரோரம் நின்றிருந்தார். டாக்டரிடம் தன்னைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். பத்து நாள் பதிவு தன்னுடையது இல்லை, சயான் டாக்டர் அதை நம்பித்தான் இருக்கிறார், தனக்குத் தாளம் இன்னும் தப்பித்தான் ஓடுகிறது என்றார். உமைரா அவரை மறுநாள் முதல் ஆளாக வந்து பார்க்கச் சொன்னார். பிறகு மகளைப் பார்க்க ஐந்து நிமிடம் அனுமதி கொடுத்தார்.

ரஷீதாவின் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. தகப்பனார் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி அந்த நினைப்புத்தான் வந்தது.

“வாப்பா, பேப்பரு நாளைக்குக் குடுக்கணும். கோமதி மாமா கையில அந்த ஒருநாள மட்டும் இன்னொருக்கா எடுத்துட்டா...”

கதவோரம் நின்ற முத்துமாரி பஞ்சாபகேசனைப் பார்த்தாள்.

முகைதீன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் கையைத் தொடப் போய், ஒயர்களைப் பார்த்துத் தயங்கி, கடைசியில் அவள் நெற்றியில் கையை வைத்தார்.

“கஃபாவுக்கு முன்னால நின்னு மொதல்ல என்ன கேக்கணும்னு நாலு வருசமா மனசுல வச்சிருக்கேன்” என்றார். “எம்புள்ளைய நல்லா வைய்யி ரப்பேன்னுதான். ஒன்னையக் குடுத்துட்டு அங்க போயி நா யாருக்காவ கையேந்துவேன்?”

ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ரஷீதா அப்போதுதான் அழுது தீர்த்தாள்.